ஆளிக்கும் ஒரு முகவரி: தானாகப் பெறுவதா, நாமே இடுவதா?

நமது பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் வாசிகசாலைகளிலும் இன்று ஏதோவொரு மூலையில், பெரும்பாலும் அலுமாரியின் மேலோ மேசைக்கு அடியிலோ, பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டியைக் காணலாம். கட்டடத்திலுள்ள கணினிகளின் கேபிள்கள் யாவும் வந்து சேருமிடம் அதுவே. பாடநூல்கள் இதனை வலையமைப்பு ஆளி என்கின்றன. வழக்கில் நெட்வேர்க் ஸ்விட்ச் என்றால்தான் எவருக்கும் விளங்கும். அது இயங்கும் வரையில் எவரும் அதனை நினைப்பதில்லை. ஏதேனும் மாற்றஞ் செய்ய வேண்டிய நாளில்தான், அதனுடன் பேசுவதற்கு எந்த முகவரியை நாடுவது என்ற வினா எழுகின்றது. அந்த வினாவுக்கு விடை தெரிந்த ஒரே மனிதர் இடமாற்றம் பெற்றோ நாட்டை விட்டோ சென்றிருப்பதும் வழமையாகி விட்டது.

கிழக்கில் உள்ள ஒரு பாடசாலையில் நாம் நேரிற் கண்ட ஒரு சம்பவமே இதனை எழுதத் தூண்டியது. அங்கு கணினிக்கூடத்தைப் பொறுப்பாகக் கவனித்த ஆசிரியர், ஆளிக்கு 192.168.1.10 என்ற முகவரியைத் தம் கையாலேயே இட்டிருந்தார். மாணவர் பயன்படுத்தும் கணினிகளும் புள்ளிப் பதிவேடுகள் உள்ள அலுவலகக் கணினிகளும் ஒன்றையொன்று காணாதவாறு, அந்த ஆளியின் உள்ளே இரு பிரிவுகளையும் அமைத்திருந்தார். நல்ல வேலை. பின்னர் அவர் வேறு வலயத்துக்கு மாற்றலாகிச் சென்றார். அதன் பின் பழைய தொலைபேசி இணைப்பு அகற்றப்பட்டு, சிம் அட்டையில் இயங்கும் புதிய ரவுட்டர் ஒன்று பொருத்தப்பட்டது. பழைய ரவுட்டர் 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்கியது, புதியதோ 192.168.8 எனத் தொடங்குவனவற்றை வழங்கியது. கணினிகள் யாவும் தானாகவே புதிய முகவரிகளைப் பெற்றுக்கொண்டு வழமை போல் இயங்கின. ஆளி மட்டும் பழைய முகவரியுடன், எவரும் செல்லாத தெருவில் தனித்து நிற்கும் வீட்டைப் போல் ஆகிவிட்டது.

இதனை எவரும் கவனிக்கவில்லை. அவர்களைக் குறைகூறவும் இடமில்லை. கணினிகளுக்கிடையே தகவல்களைக் கடத்துவதற்கு ஆளிக்கு ஐ.பி. முகவரி தேவையே இல்லை. தகவற் பொதி ஒவ்வொன்றிலும் உள்ள வன்பொருள் இலக்கத்தைப் பார்த்து, அது எந்தத் துவாரத்தால் வெளிச்செல்ல வேண்டும் என்பதை ஆளி தானே தீர்மானிக்கின்றது. ஐ.பி. முகவரி அதற்கு வேண்டியது நம்முடன் பேசுவதற்காக மட்டுமே; அதாவது நிர்வாகத்துக்காக. ஆகவே முகவரி பிழைத்த ஆளியும் ஆண்டுக்கணக்கில் எந்த முறைப்பாடும் இன்றி வேலை செய்யும். அலுவலகத்துக்கு மேலும் ஒரு கணினி வந்து, அதனை அலுவலகப் பிரிவில் சேர்க்க வேண்டியேற்பட்ட நாளில்தான் ஆளியை அடைய முடியாதென்பது தெரியவந்தது. உதவிக்கு அழைக்கப்பட்ட இளைஞர், ஆளியின் மீட்டமைப்புப் பொத்தானை ஓர் ஊசியால் அழுத்திப் பிடித்து, அதனைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டு சென்றார். ஆளி பேசத் தொடங்கியது. ஆனால் ஆசிரியர் அமைத்திருந்த பிரிவுகளும் அதனோடு அழிந்து போயின. அடுத்த பல வாரங்களுக்கு, மாணவர் கணினியிலிருந்து அலுவலகக் கணினியின் பகிரப்பட்ட கோப்புறைகளைத் திறந்து பார்க்கும் நிலை அங்கு இருந்தது. அதனைக் கண்டுபிடித்துச் சொன்னவன் ஒரு மாணவன் என்பதும், அவன் நல்லவனாக இருந்தான் என்பதும் அப்பாடசாலையின் அதிர்ஷ்டமே.

அந்த ஆளி தன் முகவரியைத் தானாகப் பெறும்படி அமைக்கப்பட்டிருந்தால் இவற்றில் எதுவும் நேர்ந்திராது. ரவுட்டர் மாறிய நாளிலேயே, கணினிகளைப் போல அதுவும் புதிய வரிசையில் ஒரு முகவரியைப் பெற்றிருக்கும். அந்த முகவரி என்னவென்பதை ரவுட்டரின் பட்டியலில் ஒரு நிமிடத்தில் கண்டுகொண்டிருக்கலாம்.

தானாகப் பெறுதல் எனும் இந்த ஏற்பாடு டி.எச்.சி.பி. என அழைக்கப்படுகின்றது. 1985இல் வெளிவந்த பூட்பி எனும் முறையே இதன் முன்னோடி. அதில் எந்த இயந்திரத்துக்கு எந்த முகவரி என்பதை நிர்வாகி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. வரையறை 1993 ஒக்டோபரில் முதலில் வெளியாகி, 1997 மார்ச்சில் ஆர்.எவ்.சி. 2131 எனும் ஆவணமாகத் திருத்தப்பட்டது. சில சேர்க்கைகளுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது அதுவே. முகவரியை நிரந்தரமாகக் கொடுத்துவிடாமல் குறித்த காலத்துக்குக் குத்தகைக்கு விடலாம் என்பதே இம்முறையின் முக்கிய புதுமை.

இது நடைபெறும் விதம் எளிதானது. புதிதாக விழித்தெழும் கருவிக்குத் தன் முகவரியும் தெரியாது; யாரிடம் கேட்பது என்பதும் தெரியாது. ஆகவே அது வலையமைப்பிலுள்ள அனைவரையும் நோக்கி, முகவரி வழங்குவோர் எவரேனும் உளரா எனக் கூவுகின்றது. வழங்கும் சேவையகம், சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் ரவுட்டரே, ‘இந்த முகவரியைத் தருகிறேன்’ என்று முன்வருகின்றது. கருவி, ‘அதனையே ஏற்கிறேன்’ என மீண்டும் அனைவருக்கும் கேட்கும்படி கூறுகின்றது. சேவையகம் அதனை உறுதிப்படுத்துகின்றது. மூன்றாவது படியை ஏன் அனைவருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும் என ஒருவர் வினவலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சேவையகங்கள் முன்வந்திருக்கக்கூடும் என்பதே காரணம். தெரிவு செய்யப்படாதவை தாம் ஒதுக்கி வைத்த முகவரியை மீளப் பெற்றுக்கொள்ள அந்த அறிவிப்பு உதவுகின்றது.

குத்தகைக் காலம் 24 மணித்தியாலம் எனில், பாதிக் காலம் கழிந்ததும், அதாவது 12 மணித்தியாலத்தில், கருவி தனக்கு முகவரி தந்த சேவையகத்திடமே புதுப்பிப்பைக் கோரும். பதில் கிடைக்காவிடில் எட்டில் ஏழு பங்கு காலம் முடிந்ததும், அதாவது 21ஆவது மணித்தியாலத்தில், எந்தச் சேவையகமாயினும் பரவாயில்லை எனப் பொதுவாகக் கேட்கும். அதற்கும் பதில் இல்லையெனில், காலம் முடிந்ததும் முகவரியைக் கைவிட வேண்டும். வயற் குத்தகை அறிந்த நமது மக்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி ஆளியில் இதனை எவ்வாறு அமைப்பது எனப் பார்ப்போம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடைகளில் மலிவாக விற்கப்படும் ஐந்து அல்லது எட்டுத் துவார ஆளிகள் பெரும்பாலும் நிர்வகிக்க முடியாதவை. அவற்றுக்கு முகவரியே கிடையாது. அவற்றில் அமைப்பதற்கும் எதுவுமில்லை. நிர்வகிக்கத்தக்க ஆளிகளைப் பற்றியதே இங்கு கூறப்படுவது.

அவ்வாறான ஆளிகளிற் பல, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே முகவரியைத் தானாகக் கேட்கும் நிலையில் உள்ளன. எச்.பி. நிறுவனத்தின் புரோகேர்வ் வரிசை அத்தகையது. நெட்கியர் நிறுவனத்தின் ஸ்மார்ட் வரிசையிலும் அப்படியே. சேவையகம் கிடைக்காவிடின் அவை 192.168.0.239 என்ற முகவரியைத் தாமே சூடிக்கொள்ளும். சிஸ்கோவின் சிறு வர்த்தக ஆளிகள் அதே சூழலில் 192.168.1.254 என்ற முகவரிக்குச் செல்லும். டிபி-லிங்க் ஆளிகள் பலவற்றின் தொடக்க முகவரி 192.168.0.1 ஆகும். ஆகவே முகவரி தெரியாத ஆளி ஒன்று கிடைத்தால், ஊசியைத் தேடுமுன் இவற்றை முயன்று பார்ப்பது நலம். அதற்கு, ஆளியுடன் நேரடியாக இணைக்கப்பட்ட ஒரு கணினிக்கு அதே வரிசையில் ஒரு முகவரியைத் தற்காலிகமாக இட வேண்டும்.

இணைய உலாவி வழியாக ஆளியின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்ததும் முதலிற் செய்ய வேண்டியது கடவுச்சொல்லை மாற்றுவதாகும். பின்னர் ஐ.பி. அமைப்புக்கான பக்கத்துக்குச் சென்று, நிலையான முகவரி என்பதற்குப் பதிலாக டி.எச்.சி.பி. என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். அதனை ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்திய மறுகணமே பக்கம் உறைந்து நின்றுவிடும். பலர் இவ்விடத்திலேயே பதறி, ஆளி பழுதாகிவிட்டது எனக் கருதி மின்சாரத்தைத் துண்டிக்கின்றனர். உண்மையில் நிகழ்ந்தது, ஆளி பழைய முகவரியை விட்டுப் புதியதைப் பெற்றுக்கொண்டமை மட்டுமே. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் முகவரி பெற்றுள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்து, ஆளியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள பன்னிரண்டு எழுத்து வன்பொருள் இலக்கத்தைத் தேடினால், அதற்கு நேரே புதிய முகவரி இருக்கும். அங்கு மீண்டும் நுழைந்து, அமைப்பைச் சேமிக்கும்படி ஆளிக்குக் கட்டளையிட வேண்டும். பல ஆளிகளில் ஏற்றுக்கொள்வது வேறு, சேமிப்பது வேறு. சேமிக்காமல் விட்டவை அடுத்த மின்தடையில் மறைந்துவிடும்.

சிஸ்கோவின் கற்றலிஸ்ற் ஆளிகளில் இது கட்டளைகளால் செய்யப்படுகின்றது. கொன்சோல் கேபிள் மூலம் இணைத்து, விலான் 1 எனும் இடைமுகத்துக்குள் சென்று, ‘ஐ.பி. அட்ரஸ் டி.எச்.சி.பி.’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டெழுதி, அவ்விடைமுகத்தை மூடிவைக்கும் கட்டளையை நீக்கிவிட்டால் போதும். நிர்வாகத்துக்கு வேறு விலான் ஒதுக்கப்பட்டிருப்பின் அதற்குள் செல்ல வேண்டும். அந்த விலானில் இருந்து சேவையகத்தை எட்டவும் முடிய வேண்டும். இல்லையெனில், ஆளி எவரும் இல்லாத அறையில் நின்று கூவிக்கொண்டிருக்கும்.

இத்துடன் வேலை முடிந்துவிடவில்லை. முகவரி தானாகக் கிடைக்கின்றது என்றால் அது மாறவுங் கூடும். நாளைக்கு வேறொரு முகவரியில் ஆளி இருந்தால் மீண்டும் பட்டியலைத் தேட வேண்டும். இதற்கான பரிகாரம் முன்னொதுக்கீடு. இந்த வன்பொருள் இலக்கமுடைய கருவி கேட்டால் இந்த முகவரியையே கொடு என ரவுட்டரில் எழுதி வைப்பதே அது. ஆளிக்கு எப்போதும் ஒரே முகவரி கிடைக்கும். ஆனால் அந்த முகவரி ஆளிக்குள் அன்றி ரவுட்டரில் எழுதப்பட்டிருக்கும். முன்னொதுக்கீடுகளுடன் ரவுட்டரே மாறிப் போனாலும், ஆளி புதிய ரவுட்டரிடம் பொது வரிசையிலிருந்து ஏதாவதொரு முகவரியைப் பெற்றுக் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். இன்னொரு பயனும் உண்டு. மாணவர்களின் கைத்தொலைபேசிகள் வை-பை மூலம் இணைக்கப்படும் இடங்களில், ரவுட்டர் வைத்திருக்கும் நூறோ இருநூறோ முகவரிகள் காலை பத்து மணிக்குள்ளேயே தீர்ந்து போவதுண்டு. ஒதுக்கப்பட்ட ஆசனம் இருந்தால் ஆளி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

முன்னொதுக்கீட்டில் அனுபவசாலிகளும் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. சிஸ்கோ ஆளிகள் பல, முகவரி கேட்கும்போது வெறும் வன்பொருள் இலக்கத்தை அடையாளமாகக் காட்டுவதில்லை. நிறுவனத்தின் பெயரையும் வன்பொருள் இலக்கத்தையும் இடைமுகத்தின் பெயரையும் கோத்த ஒரு நீண்ட அடையாளத்தை அனுப்புகின்றன. வரையறையின்படி, அத்தகைய அடையாளம் அனுப்பப்பட்டால் சேவையகம் அதனையே கணக்கிலெடுக்க வேண்டும். விளைவு, வன்பொருள் இலக்கத்துக்கென ஒதுக்கிய முகவரி அலமாரியில் கிடக்க, ஆளி வேறொன்றைப் பெற்றுச் செல்லும். முகவரி கேட்கும் கட்டளையின் இறுதியில் ‘கிளையன்ற்-ஐடி’ என்பதையும் இடைமுகத்தின் பெயரையும் சேர்த்துவிட்டால், வன்பொருள் இலக்கம் மாத்திரமே அனுப்பப்படும். இதனை அறியாமல் ஒரு பிற்பகல் முழுவதையும் நாம் இழந்திருக்கிறோம்.

மின்தடை பற்றியும் இங்கு பேசியாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் இருந்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதால் நாடே இருண்டதாக அமைச்சர் தெரிவித்ததும் நினைவிருக்கும். மின்சாரம் மீண்டதும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. சிறிய ஆளி ஒன்று ஒரு நிமிடத்துக்குள் எழுந்து முகவரி கேட்கும். ரவுட்டரோ, தனியான சேவையகமோ எழுவதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். பொறுமையுள்ள ஆளிகள் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். வேறு சில, முன்னர் கூறிய தொழிற்சாலை முகவரிக்குத் திரும்பிவிடும். அதிலிருந்து அவை மீள்வது தயாரிப்பைப் பொறுத்தது. ஆகவே இவ்வாறு அமைத்த பின், வேண்டுமென்றே ஒரு தடவை எல்லா மின்சாரத்தையும் நிறுத்தி மீள வழங்கி, ஆளி தன் முகவரியைப் பெறுகின்றதா எனப் பார்த்துவிடுவது அவசியம். பார்க்காமல் விட்டால், அந்தப் பரீட்சையை மின்சார சபையோ குரங்கோ நமக்காக நடத்தும். முகவரியுடன் வெளியுலகுக்கான வாயில் முகவரியும் சேர்ந்தே கிடைப்பதால், நேரச் சேவையகம் ஒன்றைக் குறிப்பிட்டு வைத்தால் ஆளியின் கடிகாரமும் தானாகச் சரியாகும். இல்லாவிடின், மின்கலத்தில் ஓடும் கடிகாரம் அற்ற சிஸ்கோ ஆளிகளின் பதிவேட்டில் ஒவ்வொரு மின்தடைக்குப் பின்னரும் 1993 மார்ச் 1ஆம் திகதியே மீண்டும் பிறக்கும்.

இம்முறைக்கு எதிரான வாதங்களையும் நாம் புறந்தள்ளவில்லை. வலையமைப்புப் பொறியியலாளரிற் பலர், ஆளி, ரவுட்டர், சேவையகம் போன்ற அடித்தளக் கருவிகளுக்கு நிலையான முகவரியையே கையால் இட வேண்டும் என்பர். வலையமைப்பு சீர்குலைந்த வேளையில்தான் ஆளியை அடைய வேண்டிய தேவை அதிகம். அவ்வேளையில் முகவரி வழங்குபவனே வீழ்ந்திருந்தால் என் செய்வது என அவர்கள் கேட்பது நியாயமானது. வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அவர்கள் சொல்வதே சரி. அங்கு முழுநேரப் பணியாளர் உள்ளனர். முகவரிகளின் பட்டியல் பேணப்படுகின்றது. பட்டியலும் இல்லை, பணியாளரும் இல்லை என்ற நிலையில் உள்ள ஒரு பாடசாலைக்கோ கிராமிய நூலகத்துக்கோ அதே விதியைப் பொருத்துவது, வைத்தியர் இல்லாத ஊருக்குச் சத்திரசிகிச்சைக் கருவிகளை அனுப்புவதற்கு ஒப்பாகும். சிறு நிறுவனங்களுக்குத் தானாகப் பெறுதலும் முன்னொதுக்கீடுமே ஏற்றவை என்பது எமது கருத்து.

தானாகப் பெறும் முறையில் உள்ள உண்மையான ஆபத்து வேறு. யார் முகவரி வழங்குகின்றார் என்பதைக் கேட்கும் கருவி சரிபார்ப்பதில்லை, முன்வந்தவரை நம்பிவிடுகின்றது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ரவுட்டர் ஒன்றை, வை-பை நன்றாகக் கிடைக்கும் என்ற நல்லெண்ணத்தில் எவரேனும் ஆளியில் செருகிவிட்டால், அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். சில கணினிகள் அதனிடமும் சில உண்மையான ரவுட்டரிடமும் முகவரி பெறும். பாதிக் கணினிகளுக்கு இணையம் இருக்கும், மீதிக்கு இராது. எது எப்போது என்பதும் நாளுக்கு நாள் மாறும். தீய எண்ணமுள்ளவர் ஒருவர் இவ்வழியிலேயே பிறரின் தகவற் போக்குவரத்து முழுவதையும் தம் கணினியூடாகத் திருப்பிக்கொள்ளவும் முடியும். இதனைத் தடுக்கும் வசதி ஆளியிலேயே உண்டு. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் எனும் அந்த ஏற்பாட்டை இயக்கி, உண்மையான ரவுட்டர் உள்ள துவாரத்தை மட்டும் நம்பிக்கைக்குரியது எனக் குறித்துவிட்டால், மற்றைய துவாரங்களிலிருந்து வரும் முகவரி வழங்கல்களை ஆளி மறித்துவிடும். பல நடுத்தர விலை ஆளிகளில் இவ்வசதி உள்ளது. ஆனால் அது இயங்காத நிலையிலேயே அனுப்பப்படுகின்றது. நம்பிக்கைக்குரிய துவாரத்தைக் குறிக்க மறந்து இதனை இயக்குவோர், கட்டடத்தில் எவருக்குமே முகவரி கிடைக்காத காலையை எதிர்கொள்வர் என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

முன்னர் கூறிய பாடசாலையின் ஆளி இப்போது தன் முகவரியைத் தானாகப் பெறுகின்றது. அதற்கென 192.168.8.2 ஒதுக்கப்பட்டுள்ளது. மாணவர் பிரிவும் அலுவலகப் பிரிவும் மீண்டும் அமைக்கப்பட்டு, அந்த அமைப்பின் பிரதியொன்று பேனா வடிவ நினைவகத்தில் அதிபரின் இரும்புப் பெட்டிக்குள் உள்ளது. வன்பொருள் இலக்கமும், ரவுட்டரின் எந்தப் பக்கத்தில் பட்டியலைக் காணலாம் என்பதும், பொருத்திய திகதியும் ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதப்பட்டு, அக்கொப்பி ஆளியின் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகின்றது. எழுதியவர் குறைபாட்டைக் கண்டுபிடித்த அதே மாணவர். அவர் இப்போது உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கின்றார்.